கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆவணி

பையை மடியிலயே வச்சிக்கிடுங்க யம்மா, மேல வச்சிராதிய. இந்த டிரைவர் போடுத பிரேக்குக்கு மேல வச்சதெல்லாம் நம்ம தலைக்கே வந்துரும். உள்ள கம்ப்யூட்டர்தான இருக்கு? பாத்ததுமே கண்டுக்கிட்டேன். இப்ப எனக்கு அதெல்லாம் அத்துபடி. நல்லா ஓடுதா? வைரஸ் கிய்ரஸ் ஒண்ணும் இல்லயே? காவலுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் போடுவாவளே, அது உங்களுக்குப் பழசா, புதுசா? என்ன முழிக்கிய? இந்த வயசுல இவ இதெல்லாம் கேக்காளேன்னா? கேளுங்க, சொல்லுதேன். பாளையங்கோட்டையில ஏறுனதுல இருந்து யார்கிட்டயாவது சொல்லணும் சொல்லணும்னு வாய் துடிக்குது.

எங்க பொன்னரசிக்கு வேலை கெடச்சிட்டு! வீட்டுல இருந்தே பாக்குத வேலை!

பொன்னரசி என் மருமக. நான் லோகநாயகி. ஆறுமுகநேரியில எங்க அக்கா இருக்கா, அவகிட்ட சொல்லத்தான் போறேன். போன்ல சொல்லியாச்சு. போன்ல சொன்னா பத்துமா? எதிர்ல உக்காந்து, அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டுச் சொல்லணும். அவ மருமக பேங்குல வேலை பாக்கான்னு எத்தன வருசமா என்கிட்டப் பேசிட்டா!

விஷயம் என்னன்னா, இந்த வேலை வரலன்னு வைங்க, என் மகனும் மருமகளும் மெட்ராஸுக்குப் போயிருப்பாவ. அங்க ஒரு கம்பெனியில பொன்னரசிய வா வான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தாவ. என் மகன் நாயகம் வீடு கூடப் பாக்க ஆரம்பிச்சிட்டான். “யம்மா, பால்கனி இருக்கு, நீங்களும் வந்து இருக்கலாம்”ங்கான். பால்கனியில இருக்க நான் என்ன துளசிச் செடியா? யம்மா, நான் மறைக்கப்படாது, அந்தப் பொண்ணு இல்லாம எனக்கு ஒரு நாளும் விடியாது. காலையில ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சிக்கிட்டு ஊரு உலகத்தையெல்லாம் பேசி முடிச்சாத்தான் அடுப்பே பத்தும். வீட்டுக்காரவியகிட்ட என்னத்தப் பேச? அவிய பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவிய. நாம ஒண்ணு கேட்டா “சரி, சரி, உள்ள போ”ம்பாவ.

அந்தச் சமயத்துலதான் இந்த ரெண்டாவது கம்பெனி வந்துச்சு. வீட்டுல இருந்தே பாக்கலாம். ஆனா இண்டர்வியூ கம்ப்யூட்டர்லதானாம். அவ காலேஜ்ல வச்சிருந்த சின்னது செத்துப் போயிட்டு. கூடத்துல பெருசு ஒண்ணு இருக்கு, நாயகம் படிக்கும்போது வாங்குனது, கல்லு மாதிரி உக்காந்திருக்கும். அதுல காவல் சாஃப்ட்வேர் பழசா இருக்கு, புதுசு போட்டாத்தான் எங்க இண்டர்வியூ தொறக்கும்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். நியாயம்தான். யாரு எவன்னு தெரியாத வீட்டுக்குள்ள அவன் மட்டும் காலை வைப்பானா?

ஆனா மாசம் என்ன? ஆடி!

நீங்க இந்தக் காலத்துப் பிள்ள, இதெல்லாம் பாக்க மாட்டிய. எங்க வீட்டுல ஆடியில வெளக்குமாறு கூட வாங்க மாட்டோம். நான் சொன்னேன், “பொன்னரசி, புதுசா எதையும் ஆடியில தொடங்காத. ஆவணி பொறக்கட்டும்.” அவ சொல்லுதா, “அத்தை, இண்டர்வியூ இந்த வாரம். கம்பெனிக்காரன் ஆவணி வரைக்கும் உக்காந்திருப்பானா? ஆடிப்பட்டம் தேடி விதைன்னு நீங்கதான சொல்லுவிய!” எப்படி மடக்குதா பாத்தியளா? நான் விடல. “அது விதைக்குடி. கம்ப்யூட்டர் என்ன வெண்டையா, மண்ணுல ஊனி முளைக்க?”

அவ சிரிச்சிக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. அவ சுபாவம் அது, எதுத்துப் பேச மாட்டா. ஆனா செய்ய நினைச்சதச் செய்வா. நானும் அப்படித்தான்.

பரஸ்தானம்னு கேள்விப்பட்டிருக்கியளா? இல்லயா? அந்தக் காலத்துல ஊருக்குப் போற நாள் நல்லா இல்லன்னு வைங்க, முந்தியே ஒரு நல்ல நாள் பாத்து, ஒரு பையை மட்டும் எடுத்துப் பக்கத்து வீட்டுல வச்சிருவாவ. பயணம் அன்னைக்கே தொடங்கிட்டுன்னு கணக்கு. பொறவு எமகண்டத்துல கிளம்புனாக் கூட தோஷம் கெடையாது. சாமியை ஏமாத்துததுன்னு நினைக்காதிய. சாமிக்குத் தெரிஞ்சேதான் செய்யுதோம். மனுசனுக்கு ஒரு அவசரம் வரும்னு சாமிக்குத் தெரியாதா?

அப்ப நான் யோசிச்சேன். நாளு சரியில்ல, வேலையும் நிக்க முடியாது. அப்படின்னா நாளைத்தான மாத்தணும்? மனுசன் நாளை மாத்த முடியாது. ஆனா கம்ப்யூட்டருக்கு மாத்தலாமே!

அது எப்படித் தெரியும்னு கேக்குதியளா? கேளுங்க. அதுல காய்கறித் தோட்டம் போடுத விளையாட்டு ஒண்ணு இருக்கு. நானும் வீட்டுக்காரவியளும் ஒரு காலத்துல சோறு தண்ணியில்லாம ஆடுனோம். ஒரு நாளைக்கு இத்தன வாளி தண்ணிதான் ஊத்த விடும். தீந்துட்டுன்னா ‘நாளைக்கு வாங்க’ன்னு சொல்லிரும். கத்தரிக்கா வாடிக்கிட்டு நிக்கும், பாக்கப் பாவமா இருக்கும். அவியதான் கண்டுபிடிச்சாவ, தேதியத் தள்ளி வச்சா உடனே தண்ணி கெடச்சிரும்னு. மூலையில தேதி இருக்கும்லா, அதுல போயி, தானா தேதி வச்சிக்கிடுத பொத்தானை அணைச்சிட்டு, நமக்கு வேணும்ங்கற தேதிய வைக்கணும். அவிய கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஆடுததை விட்டுட்டாவ. எனக்கு மறக்கல.

பொன்னரசி குளிக்கப் போயிருந்தா. நான் நாள்காட்டியப் புரட்டி, ஆவணியில முதல் முகூர்த்தம் எதுன்னு பாத்து, டக்கு டக்குனு தட்டி வச்சிட்டேன். உலகத்துக்கெல்லாம் ஆடி, எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஆவணி! எனக்கே சிரிப்பு வந்துட்டு. பொறவு நல்ல காரியம் தொடங்குதோம், சும்மா விடலாமா? சந்தனம் குழைச்சு, குங்குமம் வச்சு, கம்ப்யூட்டர் கண்ணாடியில நாலு மூலைக்கும் பொட்டு வச்சேன். வலது பக்கம் கீழ் மூலையில மட்டும் கொஞ்சம் தாராளமா அப்பிட்டேன். நாம தேதி வச்ச இடம்லா அது. முதல் மரியாதை அங்கதான.

அவ வந்து பாத்தா. பொட்டைப் பாத்துச் சிரிச்சா. “கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா அத்தை?”ன்னா. “உனக்கு வேலை கெடைக்கணும்லா”ன்னேன். ஒரு நிமிஷம் என் தோளைப் புடிச்சிக்கிட்டு நின்னா. பொறவு உக்காந்து தொடங்குனா.

தொடங்குனதுதான் தாமசம். பாதி தூரம் போச்சு, நின்னுட்டு. சிவப்பா ஒரு கட்டம் வந்து, முடியலங்கு. மறுபடி போட்டா, மறுபடி முடியலங்கு. அணைச்சுப் போட்டா. கரண்டையே பிடுங்கிச் சொருகுனா. ம்ஹூம். இதுல என்னன்னா, புதுசு வாரதுக்கு எடம் விடணும்னு பழசு கிளம்பிப் போயிட்டு. புதுசு உள்ள வர மாட்டேங்கு. பழைய காவக்காரன் வேலையை விட்டுப் போயிட்டான், புதுக் காவக்காரன் வாசல்லயே நிக்கான், வீடு தொறந்து கெடக்கு! எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் இது பாதுகாப்பு இல்ல, உள்ள போகாதன்னு சொல்லுது. நான் சொன்னேன், “பாத்தியா, ஆவணியிலேயே இந்தப் பாடு படுத்துதே, ஆடியில தொடங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்!” அவளுக்குப் புரியல போல. தலையைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா.

மறுநாள் அவ சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்த நேரம், வீட்டுக்காரவிய அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கே போனைப் போட்டாவ. ஒரு பொண்ணு பேசுச்சு. நல்ல பொறுமையான குரல். அவிய ஸ்பீக்கர்ல போட்டுட்டு, டிக்கெட் டிக்கெட்டுன்னு கத்துன அதே தொண்டையில பேசுதாவ. “சார், ஒரு சின்ன விஷயம் பாருங்க. தேதியும் நேரமும் சரியா இருக்கா?”ன்னு அது கேட்டுச்சு. உடனே அவிய எந்திரிச்சாவ. கண்ணாடியப் போட்டாவ. நேரா சுவத்துகிட்டப் போயி நாள்காட்டியப் பாத்தாவ. “சரியா இருக்கும்மா! இன்னைக்கு வியாழக்கிழமை, தேய்பிறை. காலைல நான்தான் தாளைக் கிழிச்சேன். எங்க வீட்டுல ஒரு நாளும் கிழிக்காம இருந்ததில்ல!” கைக்கடிகாரத்தையும் பாத்து நேரம் சொன்னாவ. அந்தப் பொண்ணும் “சரி சார், அப்ப வேற ஏதோ பிரச்சனை”ன்னு சொல்லிட்டு.

நான் பக்கத்துலதான் நின்னேன். சரியான பதில்தான யம்மா? கேட்ட கேள்விக்கு நின்னு நிதானமாப் பாத்துச் சொன்னாவ. நான் உள்ள வச்ச ஆவணி வேற விஷயம். அது கம்ப்யூட்டருக்கும் சாமிக்கும் உள்ள ஏற்பாடு. அதை எதுக்கு வெளி ஆள்கிட்டச் சொல்லணும்?

பொறவு ஜெபராஜ்னு ஒரு தம்பி வந்துச்சு. மார்க்கெட் பக்கத்துல கடை வச்சிருக்கு. தங்கமான பிள்ள, செருப்பை வாசலுக்கு வெளியவே விட்டுட்டு வந்துச்சு. உக்காந்து பழைய சாஃப்ட்வேரோட மிச்சம் மீதியெல்லாம் சுத்தமா வழிச்சு எடுத்துச்சு. நடுவுல ஒரு தடவ அந்த மூலையப் பாத்து, விரலை நீட்டி, “யம்மா, இதைத் துடைச்சிக்கிடலாமா?”ன்னு கேட்டுச்சு. நான் பதறிட்டேன். “தொட்டுராத தம்பி, சாமி காரியம்!” பாவம், சுட்ட மாதிரி கைய இழுத்துக்கிட்டு. கோயிலுக்குப் போற பிள்ளைன்னா கூட எங்கிட்ட வாக்குவாதம் பண்ணியிருக்கும். அது சர்ச்சுக்குப் போற பிள்ள, அடுத்த வீட்டுச் சாமின்னா அதுக்கு அம்புட்டு மரியாதை. அந்தப் பக்கம் மூச்சு படாம வேலை பாத்துச்சுன்னா பாத்துக்கிடுங்க. கடைசியில அதுவும் கைய விரிச்சிட்டு. “இது எனக்கே புரியல யம்மா. எல்லாம் சரியா இருக்கு, ஆனா போக மாட்டேங்கு. கடைக்குக் கொண்டு போயி எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடணும். திங்கக்கிழமை தாரேன்.”

திங்கக்கிழமையா? இண்டர்வியூ மறுநாள் காலையில! கொண்டு போக வேண்டாம், இங்கயே கெடக்கட்டும்னு சொல்லி அனுப்பிட்டோம்.

பொன்னரசி அழல. அழுதிருந்தாலாவது தேத்தியிருப்பேன். “சரி விடுங்க அத்தை, நமக்குக் குடுத்து வைக்கல”ன்னு மெல்லச் சொல்லிட்டு, துணி மடிக்கப் போயிட்டா. நாயகம் வேலையில இருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டுட்டு, “அப்ப மெட்ராஸ் வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திர வேண்டியதுதான்”னுட்டான். நான் என்ன செய்ய? அடுப்படியில நின்னு, வெங்காயம் உரிக்குத சாக்குல ஒரு பாட்டம் அழுது தீத்தேன். கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலயேன்னு. இம்புட்டு செஞ்சும், நாள் பாத்து, பொட்டு வச்சும், இப்படி ஆயிட்டேன்னு. இனிமே காலையில நான் யாருகூடப் பேசுவேன், சொல்லுங்க?

மறுநாள் காலையில என்ன நடந்துச்சு தெரியுமா? இதுதான் கதை, இங்கதான் கேக்கணும்.

காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாவளே, அம்மி பறக்கல, ஆனா தெருப்புழுதி பூராவும் எங்க கூடத்துல வந்து உக்காந்துட்டு. பொன்னரசி எந்திரிச்சு, வழக்கம் போல தூசி தட்டிக்கிட்டு வந்தா. மனசு எங்கயோ இருந்திருக்கு போல, ஈரத்துணிய எடுத்து, ராத்திரி அணைக்காமக் கெடந்த கம்ப்யூட்டர் கண்ணாடிய ஒரே இழுப்பு. என் சந்தனம் போச்சு! “ஐயோ பொன்னரசி!”ன்னு கத்திட்டேன்.

அவ திரும்பல. அந்த மூலையையே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு சுவத்துல நாள்காட்டியப் பாத்தா. பொறவு மறுபடி அந்த மூலைய. பொறவுதான் என்னப் பாத்தா. அப்படி ஒரு பார்வை அவகிட்ட நான் பாத்ததே இல்ல. சாமி வந்துட்டோன்னு பயந்து போனேன். நெத்தியில விபூதி வைக்கலாம்னு நான் கிட்டப் போறேன், அவ சொல்லுதா, “அத்தை, எனக்காகப் போயி சாமிக்கு ஒரு விளக்கு ஏத்திட்டு வாங்க. நல்லா வேண்டிக்கிட்டு, மெதுவா வாங்க.”

மருமக வாயால கேட்டுட்டா, நிப்பேனா? ஓடுனேன். விளக்கேத்துனேன். முருகனை மட்டும் கூப்புடல, குலதெய்வம் வரைக்கும் ஒருத்தர் விடாமக் கூப்புட்டேன். திரும்பி வந்து பாக்கேன், கம்ப்யூட்டர்ல பச்சையா ஒரு குறி! அவ்வளவு பெருசு! புதுக் காவக்காரன் உள்ள வந்து ஜம்முன்னு உக்காந்துட்டான்! யம்மா, நான் போட்ட சத்தத்துல வீட்டுக்காரவிய சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவிய பாதி முகத்தோட ஓடி வந்தாவ. விளக்கு ஏத்தி முடிக்கல, வேலை முடிஞ்சிட்டு! அந்த ஜெபராஜ் முழுக்க ஒரு பகல் பாடுபட்டும் வராதது, ஒரு திரி எண்ணெயில வந்துட்டு. இதுக்கு என்ன சொல்லுதிய?

பொறவு இண்டர்வியூ. வாசல்ல நாற்காலி போட்டு நான் உக்காந்துட்டேன். தெருவுல ஒரு சத்தம் வரப்படாதுல்லா? பழைய இரும்புக்காரன் மைக்கப் போட்டுக்கிட்டு வந்தான், அடுத்த தெருவுக்கு விரட்டுனேன். பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டா, சுவரு மேல எட்டிப் பாத்து, அரைக்காத, நான் அம்மியில அரைச்சுத் தாரேன்னேன். வீட்டுக்காரவியளுக்குத் தும்மல் வரும், வந்தா ஏழு வீட்டுக்குக் கேக்கும். அவியள மாடிக்கு அனுப்பிட்டு, துண்டையும் கையில குடுத்தேன். உள்ள என் மருமக இங்கிலீஷ்ல பேசுதா, தண்ணி மாதிரி வருது. நடுவுல ஒரு தடவ அந்தக் கம்பெனிக்காரனே சிரிச்சான். அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

நேத்து சாயங்காலம் ஆர்டர் வந்துட்டு! எந்த மாசம் சேரச் சொல்லியிருக்கான் தெரியுமா? ஆவணியில! நான் அதுக்குள்ள வச்ச ஆவணி, அப்படியே கம்பெனி வரைக்கும் போயிருக்கு பாத்தியளா? நாயகம் மெட்ராஸுக்கு போன் போட்டு வீடு வேண்டாம்னுட்டான். நான் கேசரி கிண்டுனேன், கிண்டும்போதே கால் தரையில நிக்கல. இந்த வயசுல ஆடக்கூடாது, ஆடிட்டேன்.

எல்லாரும் உக்காந்து கேசரி திங்கும்போது வீட்டுக்காரவிய கேட்டாவ, “ஏம்மா பொன்னரசி, கடைசியில அதுல என்னதான் கோளாறு?” அவ கரண்டியக் கீழ வச்சிட்டுச் சொல்லுதா, “ஒண்ணுமில்ல மாமா. கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருந்துச்சு. தேதி தப்பா இருந்தா புது சாஃப்ட்வேர் உள்ள போகாது. நான்தான் கவனிக்காமத் தப்பா வச்சிட்டேன் போல.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க! இம்புட்டுப் படிச்ச பிள்ள! நான் பாத்துப் பாத்து ஆவணியில முதல் முகூர்த்தம் வச்சிருக்கேன், அது தப்பான தேதியா? அதைவிட நல்ல தேதி அந்த நாள்காட்டியிலயே கெடையாது. அப்படின்னா நான் வச்சதுக்குப் பொறவு இவ கை பட்டு எங்கயோ மாத்தியிருக்கா! அதுனாலதான் அந்தப் பாடு! பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி. “ஏட்டி, நான் மாசம் பாத்து, நாள் பாத்து வச்சிட்டுப் போறேன், நீ கையக் காலை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க முடியாம அதைப் போயி மாத்துவியா? கொஞ்சம் தப்பியிருந்தா மெட்ராஸுக்குல்லா போயிருப்ப! பொறுப்பு வேண்டாமா?”

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, “தப்புதான் அத்தை, இனிமே மாத்த மாட்டேன்”ன்னா. தோளு மட்டும் குலுங்குது. ஐயய்யோ, அழ வச்சிட்டமேன்னு பதறி முகத்தை நிமித்துனா, சிரிக்கா! கண்ணுல தண்ணி வார அளவுக்குச் சிரிக்கா. வீட்டுக்காரவிய என்னப் பாத்தாவ, கம்ப்யூட்டரைப் பாத்தாவ, அவியளுக்கும் என்ன தோணிச்சோ, கேசரி புரையேற ஏறச் சிரிக்காவ. நாயகம் எந்திரிச்சு வெளிய போயிட்டான், அங்க நின்னு சிரிக்குத சத்தம் கேக்கு. அவ என் கழுத்தக் கட்டிக்கிட்டு, “எங்கயும் போக மாட்டேன் அத்தை, உங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்”ங்கா. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. ஆனா அந்தச் சிரிப்பு என்னத்துக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ.

அடடே, ஆறுமுகநேரி வந்துட்டு. கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், இறங்கணும்! அந்தக் கட்டைப்பையை எடுத்துக் குடுங்க யம்மா. என்ன இது, நீங்களும் சிரிக்கியளே? பையைப் புடிக்கக் கூட முடியாம அப்படி என்ன சிரிப்பு? என்னன்னு சொல்லிட்டுச் சிரிங்க யம்மா. சொன்னா நானும் சேந்து சிரிப்பேம்லா!